இரைப்பையைச் சுருக்கிய பிறகு எத்தனை கலோரி? பாளையங்கோட்டை உணவு ஆலோசனை ஒன்றைப் பற்றிய மதிப்புரை

ஒரு நாளைக்கு 1,900 கலோரி சாப்பிட்டால் என் எடை ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது என்று என் கைபேசியில் இருந்த செயலி சொன்னது. பாளையங்கோட்டையில் தனியாக ஆலோசனை நடத்தும் ஓர் உணவியல் நிபுணர், 28 நாள் சாப்பாட்டையும் எடையையும் என்னிடம் எழுதி வாங்கிப் பார்த்துவிட்டு, அந்த எண் 1,430தான் என்றார். இரண்டுக்கும் நடுவே இருக்கும் 470 கலோரியை முப்பதால் பெருக்கி, ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற வழக்கமான கணக்கில் வகுத்தால், மாதம் 1.8 கிலோவுக்கு மேல் வருகிறது. அறுவை மேசையில் படுத்து இறக்கிய எடையில் பெரும்பங்கைச் செயலியின் பேச்சைக் கேட்டு ஓராண்டில் திரும்ப ஏற்றிக்கொண்டிருப்பேன் என்பதே இதன் பொருள். அந்த ஆலோசனையில் மூன்று மாதம் இருந்து பார்த்த அனுபவத்தையும், அதற்காக வாங்கிய சமையலறைத் தராசு, கைவிட்ட செயலி ஆகியவற்றையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால் யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை.

என்னைப் பற்றிச் சில எண்கள் தேவைப்படும். வயது 45, உயரம் 158 சென்டிமீட்டர், பள்ளி ஆசிரியை, குடியிருப்பது திருநெல்வேலி டவுனில். வேறு ஊரில் உள்ள ஒரு மருத்துவமனையில் ஸ்லீவ் அறுவை செய்துகொண்டபோது எடை 112 கிலோ. பதினான்கு மாதம் கழித்து இந்த ஆலோசனைக்குப் போனபோது 78.4 கிலோ. ஸ்லீவ் என்பது இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் போலத் தைத்துவிடும் முறை. வெட்டி எடுக்கும் பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் உருவாகிறது என்பதால், முதல் பல மாதங்கள் பசி என்ற ஒன்று இருந்ததே மறந்துபோயிருந்தது. அந்தக் காலத்தில் கலோரியைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையும் இல்லை. கவலை பிடித்துக்கொள்வது ஓராண்டு ஆன பிறகு, பசி மெல்லத் திரும்பி, வயிறும் கொஞ்சம் இடம் கொடுக்கத் தொடங்கி, எடை இறங்குவது நின்றுபோகும் போதுதான்.

மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய அச்சிட்ட தாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதல் இரண்டு வாரம் நீராகாரம், அடுத்த இரண்டு வாரம் கூழ் போல மசித்தது, பிறகு மென்மையான உணவு, ஆறு முதல் எட்டு வாரத்தில் வழக்கமான சாப்பாடு என்ற படிநிலை தெளிவாக இருந்தது; அது சரியானதுமாகும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை 30 மில்லி குடிக்க வேண்டும் என்று மருந்து அளக்கும் குப்பியையும் கையில் கொடுத்திருந்தார்கள். ஆனால் மூன்றாம் மாதத்துக்குப் பிறகு வரும் பக்கத்தில் கிரேக்கத் தயிர், காட்டேஜ் சீஸ், வான்கோழி நெஞ்சுக்கறி என்று இருந்ததே தவிர, இட்லி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. கீழே "800 முதல் 1,200 கலோரி" என்று ஒரு வரி. எத்தனை மாதம் வரை 800, எப்போதிலிருந்து 1,200, அதன் பிறகு என்ன என்பதற்குப் பதில் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, அடுத்த முறை நேரில் வரும்போது பேசிக்கொள்ளலாம் என்றார்கள். அந்த அடுத்த முறைக்கு ஐந்து மாதம் இருந்தது.

அந்த இடைவெளியில் புகுந்ததுதான் செயலி. அது செய்த கணக்கில் பிழை எதுவும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1990இல் வெளிவந்த மிஃப்ளின் சூத்திரத்தைத்தான் இத்தகைய செயலிகளில் பலவும் பின்பற்றுகின்றன. பெண்களுக்கு, எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, மேலும் 161ஐக் கழிக்க வேண்டும். ஆண்களானால் 161ஐக் கழிப்பதற்குப் பதில் 5ஐக் கூட்ட வேண்டும். 78 கிலோவுக்கு என் கணக்கு 780 கூட்டல் 987.5 கழித்தல் 225 கழித்தல் 161, அதாவது ஏறத்தாழ 1,382. அசையாமல் படுத்துக் கிடந்தாலும் உடல் செலவழிக்கும் ஆற்றல் அது. உட்கார்ந்தே இருப்பவர் என்றால் அதை 1.2ஆல், சிறிது நடமாட்டம் உள்ளவர் என்றால் 1.375ஆல் பெருக்க வேண்டும். நாள் முழுதும் நின்றுகொண்டு பாடம் நடத்துகிறேனே என்று நான் இரண்டாவதைத் தட்டினேன், 1,900 வந்தது. முதலாவதைத் தட்டியிருந்தால் 1,658 வந்திருக்கும். ஒரு தட்டில் 240 கலோரி வித்தியாசம் வருகிறது என்பதே அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதைச் சொல்லிவிடுகிறது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. அதை எனக்கு விளக்கியவர் இந்த உணவியல் நிபுணர்தான். 112 கிலோவிலிருந்து 78க்கு இறங்கிய உடலும், என்றைக்கும் 78 கிலோவாகவே இருந்த உடலும் ஒரே அளவு ஆற்றலைச் செலவழிப்பதில்லை. விரைவாக எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கொஞ்சம் கரைகிறது. அது போக, உடல் தன் செலவையும் தானாகவே சுருக்கிக்கொள்கிறது. சம்பளம் குறைந்த வீட்டில் சொல்லாமலே சிக்கனம் வந்துவிடுவதைப் போல என்று அவர் சொன்னது எனக்கு எளிதில் புரிந்தது. எடை, உயரம், வயது, பாலினம் ஆகிய நான்கை மட்டுமே அறிந்த சூத்திரத்துக்கு இந்தச் சுருக்கம் தெரிய வழியில்லை. மூச்சில் போய் வரும் ஆக்சிஜனை அளந்து ஓய்வு நேரச் செலவை நேரடியாகக் கண்டறியும் கருவி உண்டு. அது அவரிடம் இல்லை. இல்லாததை அவரே முதல் நாளில் சொல்லிவிட்டு, "அக்கா, மெஷின் இல்லைன்னா என்ன, உங்க உடம்பே மெஷின்தான். ஒரு மாசம் நீங்க எனக்குப் பொய் சொல்லாம எழுதிக் கொடுங்க, நான் கண்டுபிடிச்சுச் சொல்லுதேன்" என்றார்.

அவருடைய முறை இதுதான். முதல் 28 நாளில் உணவை மாற்றச் சொல்லவே இல்லை. வழக்கமாகச் சாப்பிடுவதை எடை போட்டு எழுத வேண்டும். தினமும் காலையில் கழிப்பறை சென்று வந்தபின், தண்ணீர்கூடக் குடிக்காமல் எடை பார்க்க வேண்டும். ஒரு நாள் எடையை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஏழு நாள் சராசரியை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறார். முந்தின நாள் அப்பளமும் ஊறுகாயும் கூடிப்போனாலோ, மாதவிலக்கு நெருங்கினாலோ உடலில் நீர் தங்கி ஒரு கிலோ வரை ஏறிக் காட்டும் என்பதால் அப்படி. என் ஏட்டின்படி சராசரியாக ஒரு நாளைக்கு 1,320 கலோரி உள்ளே போயிருந்தது, எடை 78.4இலிருந்து 78.0க்கு இறங்கியிருந்தது. 400 கிராமுக்கு 3,080 கலோரி. அதை 28ஆல் வகுத்தால் 110. அந்த 110ஐ 1,320உடன் கூட்டி 1,430 என்று எழுதி, கீழே கோடு போட்டார். நான் கணக்கு ஆசிரியை இல்லை. ஆனாலும், பெருக்கல் வகுத்தலுக்கு மேல் எதுவும் இல்லாத இந்தக் கணக்கை எனக்குப் பதினான்கு மாதமாக யாரும் சொல்லித் தரவில்லையே என்று அன்றைக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

கணக்கு எளிது, அதற்குள் போடும் எண்களைச் சரியாகப் பிடிப்பதுதான் பாடு. இந்த ஆலோசனைக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு அதற்கே தகும் என்பேன். செயலியில் நம் வீட்டுச் சாப்பாடு பாதிக்கு மேல் இல்லை. இருப்பதும் பயன்படுத்துவோர் அவரவர் விருப்பத்துக்குப் பதிந்துவைத்தது. அரிசி 100 கிராமுக்கு 1,491 கலோரி என்று ஒரு பதிவு இருந்தது. அதை அவரிடம் காட்டியபோது சிரித்துவிட்டு, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுக் கலவை அட்டவணையை எடுத்துக் காட்டினார். அதில் ஆற்றல் கிலோஜூலில் கொடுக்கப்பட்டிருக்கிறது. யாரோ அதைக் கலோரி என்று நினைத்து அப்படியே பதிந்துவிட்டார். 4.184ஆல் வகுத்தால் 356 கலோரி என்ற சரியான எண் கிடைக்கும். அதுவும் பச்சரிசியோ புழுங்கலரிசியோ, சமைக்காத அரிசிக்கு. வெந்த சோறு தண்ணீரை இழுத்துக்கொண்டு இரண்டரை முதல் மூன்று மடங்கு கனத்துவிடுவதால், சோற்றில் 100 கிராமுக்கு 130 கலோரி அளவில்தான் இருக்கும். அரிசியின் எண்ணைச் சோற்றுக்குப் போட்டவர் பட்டினி கிடப்பார். சோற்றின் எண்ணை அரிசிக்குப் போட்டவர் எடை கூடிவிட்டதென்று அறுவை செய்த மருத்துவரைக் குறை சொல்வார். நான் இரண்டையும் வெவ்வேறு மாதங்களில் செய்திருக்கிறேன்.

இட்லிக்கு அவர் செய்யச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் இட்லிக்கு அம்பை 16 அரிசிதான். நாலுக்கு ஒன்று உளுந்து. 400 கிராம் அரிசியும் 100 கிராம் உளுந்தும் போட்டு அரைத்த மாவில் எத்தனை இட்லி வருகிறது என்று எண்ணச் சொன்னார். முப்பது வந்தது. அரிசி, உளுந்து இரண்டின் கலோரியும் சேர்ந்து ஏறத்தாழ 1,750. ஆக ஓர் இட்லிக்கு 58. இதே முறையில் புரதத்தைக் கணக்கிட்டால் ஓர் இட்லிக்கு இரண்டு கிராமுக்கும் குறைவு. எனக்கு அவர் குறித்த புரதம் நாளொன்றுக்கு 75 கிராம். என் உயரத்துக்கு உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) 25 வரக்கூடிய எடையான 62.4 கிலோவை 1.2ஆல் பெருக்கிய எண் அது. குறைந்தபட்சம் எனப் பரவலாகச் சொல்லப்படும் 60 கிராமையே இட்லியிலிருந்து எடுப்பதென்றால் முப்பத்துமூன்று இட்லி வேண்டும். இரைப்பை முழுதாக இருந்த காலத்திலும் எனக்கு அது முடிந்ததில்லை.

தேங்காய்ப்பாலில் செய்யும் சொதிக்குத்தான் நாங்கள் இருவரும் நிறைய நேரம் செலவழித்தோம். ஞாயிற்றுக்கிழமை சொதி இல்லாமல் எங்கள் வீட்டில் சமையல் கிடையாது; செயலியிலோ சொதி என்ற பெயரே கிடையாது. தேங்காய்த் துருவலை எடை போட்டால் கணக்குத் தப்பிவிடும், ஏனென்றால் சக்கையை நாம் தின்பதில்லை. பிழிந்த பாலை எடை போட வேண்டும் என்றார். கெட்டியான முதல் பால் 300 கிராம், 100 கிராமுக்கு 230 வீதம் 690 கலோரி. நீர்த்த இரண்டாம் பாலுக்குத் தோராயமாக 200, பாசிப்பருப்பு 50 கிராமுக்கு 165, காய்கள் எல்லாவற்றுக்கும் 200, தாளிக்க இரண்டு தேக்கரண்டி எண்ணெய்க்கு 90. மொத்தம் 1,345. முக்கியமான படி இனிமேல்தான் வருகிறது: அடுப்பிலிருந்து இறக்கிய சொதியைப் பாத்திரத்தோடு எடை போட்டு, பாத்திரத்தின் எடையைக் கழிக்க வேண்டும். ஒன்றரைக் கிலோ இருந்தது. ஆகவே 100 கிராம் சொதிக்கு 90 கலோரி. பாத்திரங்களின் வெற்று எடையை ஒருமுறை பார்த்து அடியில் எழுதிவைத்துவிட்டால் பிறகு ஒவ்வொரு முறையும் இந்த வேலை இரண்டு நிமிடம்தான். எங்கள் வீட்டுப் பித்தளை உருளியின் அடியில் இன்றைக்கும் மார்க்கரில் 1,860 என்ற எண் இருக்கிறது. பாத்திரத்தில் பேர் வெட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், எடையை வெட்டி இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் என் கணவர்.

தராசைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் 450 ரூபாய்க்கு வாங்கிய, ஐந்து கிலோ வரை ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும் சாதாரண மின்னணுத் தராசு. தட்டை வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் பூச்சியத்துக்கு வந்துவிடும் வசதிதான் இதில் உயிர்நாடி. அது இருந்தால் போதும், கைபேசியோடு இணையும் விலை கூடிய தராசுகள் தேவையில்லை. ஒரு நிமிடம் தொடாமல் இருந்தால் அணைந்துவிடுகிறது. துவையல் வழித்துக்கொண்டிருக்கும்போது அணைந்தால் எரிச்சலாக இருக்கும். மின்கலம் வலுவிழந்தால் எடை மெல்லத் தவறத் தொடங்கும் என்பதை நான் மூன்றாம் மாதத்தில் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். அதிலிருந்து, தெருமுனைப் பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் முத்திரையிட்ட 200 கிராம் எடைக்கல்லை மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் இரவல் வாங்கிச் சரிபார்த்துக்கொள்கிறேன். ஐந்து கிராமுக்குக் குறைவான பொருளுக்கு இந்தத் தராசு லாயக்கில்லை. எண்ணெயைத் தேக்கரண்டியால் அளப்பதே நல்லது. ஒரு தேக்கரண்டிக்கு 40 கலோரிக்குக் கொஞ்சம் மேல். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான்.

இரண்டாம் மாதத்திலிருந்து அவர் எனக்கு வகுத்துக் கொடுத்தது 1,200 கலோரி. 1,430இலிருந்து ஐந்நூறைக் கழித்து 930 என்று எழுதித் தராமல், ஏன் 230 மட்டும் கழித்தார் என்று கேட்டேன். அறுவை செய்த முதல் மாதங்களில் ஐந்நூறு, அறுநூறு கலோரியில் உடல் ஓடியது மருத்துவக் கண்காணிப்பில், வேறு வழியில்லாத காலத்தில்; இப்போது அதைத் திரும்பச் செய்தால் தசைதான் கரையும், கரைந்த தசை 1,430ஐ இன்னும் கீழே இழுக்கும் என்றார். ஆகையால் அவருடைய வரிசையில் கலோரி மூன்றாவதாகத்தான் வருகிறது. தட்டில் முதலில் புரதம். நாளில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர். இவ்விரண்டும் நிறைந்த பிறகு மிஞ்சும் இடத்தில் சோறும் காயும் எண்ணெயும் 1,200க்குள் அடங்க வேண்டும். காலையில் இரண்டு முட்டையும் ஓர் இட்லியும். மதியம் முதலில் 100 கிராம் மீன், பிறகு காய், கடைசியில் 60 கிராம் சோறு. பள்ளி விட்டு வந்ததும் தண்ணீரில் கரைத்த புரதப்பொடி ஒரு கரண்டி. இரவில் ஓர் அடையும் கொஞ்சம் பன்னீரும். சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. அரை மணி முன்னும் அரை மணி பின்னும் இடைவெளி. வகுப்புக்கு நடுவே மிடறு மிடறாகக் குடிக்கப் பழகத்தான் எனக்குச் சிரமமாக இருந்தது. என் தட்டைப் பார்த்த மாமியார், "ஏட்டி, காக்காய்க்கு வைக்கிற சோறு இதைவிடக் கூடல்லா இருக்கும்" என்று அங்கலாய்த்தார்கள். இப்போது அவர்களே என் மீனை எடை போட்டு வைக்கிறார்கள்.

எதையும் விலக்கச் சொல்லாமல், எல்லாவற்றையும் எடை போட மட்டும் சொல்வது இவருடைய பழக்கம். அல்வாவைக்கூட விலக்கச் சொல்லவில்லை. ஆனால் அதைப் பற்றி அவர் சொன்னது எனக்கு இதுவரை யாரும் சொல்லாதது. குழாயான இரைப்பை நம்மைக் காப்பது கெட்டியான உணவிடமிருந்துதான்; நான்கு வாய் மீனும் சோறும் போனதும் போதும் என்று நிறுத்திவிடும். வாயில் போட்டதும் கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்கும் பண்டத்தை அது தடுப்பதில்லை. நெய்யும் சர்க்கரையும் கூடிய அல்வாவில் 20 கிராமுக்கு 80 கலோரி வரை போகும் என்றும், அது வயிற்றில் இடமே பிடிக்காது என்றும் சொன்னார். வெறும் வயிற்றில் தின்றால் சிலருக்குப் படபடப்பும் வியர்வையும் தலைசுற்றலும் வரும்; சர்க்கரை வேகமாகக் குடலுக்குள் இறங்குவதால் வரும் இந்தத் தொல்லை, இரைப்பையைச் சிறிதாக்கி நேரே சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் அறுவை செய்தவர்களுக்கு அதிகம், ஸ்லீவ் செய்தவர்களுக்குக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. எனக்கு அது அல்வாவில் வரவில்லை. ஒரு சித்திரை வெயிலில் மடமடவென்று குடித்த ஒரு சொம்புப் பதநீரில் வந்தது. பதநீரில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரைதான் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

கைக்கடிகாரம் காட்டும் கலோரியை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. பாளை வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் நடந்தால் என் கடிகாரம் 310 என்று காட்டும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் பங்கையும் அது சேர்த்துக் காட்டுகிறது. நடையால் கூடுதலாகச் செலவாவது அதில் பாதியைக்கூடத் தொடாது, அதற்காக மாலையில் ஒரு வடை கூடுதலாகச் சாப்பிட உரிமை வந்துவிடாது என்றார். அவருடைய 28 நாள் கணக்கில் நடையும் நிற்பதும் மாடிப்படி ஏறுவதும் தாமாகவே அடங்கிவிடுகின்றன என்பதால், உழைப்புக்குத் தனியாகப் பெருக்கவேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இனி குறைகள். ஆலோசனை அறை முதல் மாடியில் இருக்கிறது, மின்தூக்கி கிடையாது, படிகள் செங்குத்து. நூறு கிலோவுக்கு மேல் உள்ளவர்கள் வந்துபோகும் இடத்தை இப்படி அமைக்க எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை. காத்திருக்கும் இடத்தில் உள்ள நாற்காலிகள் எல்லாம் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். எனக்கு இப்போது பொருந்துகின்றன, இரண்டாண்டுக்கு முன் பொருந்தியிருக்காது. என் அருகே ஒரு பெண் முக்கால் மணி நேரம் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டு இதை உள்ளே போய்ச் சொன்னேன். அடுத்த மாதம் போனபோது கைப்பிடி இல்லாத ஒரு பெஞ்சு வந்திருந்தது. படி அப்படியே இருக்கிறது. நேரம் குறித்துக் கொடுத்தாலும் ஒரு மணி நேரமாவது காத்திருக்கத்தான் வேண்டும். வாட்ஸ்அப்பில் கேட்கும் கேள்விக்கு இரண்டு நாள் கழித்துப் பதில் வரும்.

அவர் சைவம் என்பதால் முதலில் தந்த பட்டியலில் மீனே இல்லை. தூத்துக்குடிக் கடல் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊரில், எண்ணெயில் பொரிக்காமல் குழம்பில் இட்டால் இவ்வளவு குறைந்த கலோரிக்கு இவ்வளவு புரதம் தரும் பொருளை விட்டுவிடுவது சரியில்லை. நான் கேட்டபிறகு சேர்த்துத் தந்தார். கேட்காதவர்களுக்குப் பன்னீரோடு நின்றிருக்கும். அதைவிட எனக்கு உறுத்தியது, புரதப்பொடியை அவருடைய மேசையிலேயே விற்பதுதான். அதே பொடி ஜங்ஷன் மருந்துக் கடையில் 300 ரூபாய் குறைவு. வாங்கச் சொல்லி வற்புறுத்தவில்லை, வெளியே வாங்கிக்கொள்கிறேன் என்றதும் முகம் மாறவும் இல்லை. இருந்தாலும், எவ்வளவு புரதம் வேண்டும் என்று சொல்பவரே பொடியையும் விற்பது நல்ல பழக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. உடலில் கொழுப்பு எத்தனை, தசை எத்தனை என்று காட்டும் மின்தராசு ஒன்றும் வைத்திருக்கிறார். குடித்த தண்ணீரைப் பொறுத்து அது ஏறி இறங்கும் என்று அவரே சொல்லிவிட்டு, ஒவ்வொரு முறையும் அதற்குத் தனியாக 100 ரூபாய் வாங்குகிறார்.

கட்டணம் முதல் முறைக்கு 800 ரூபாய். மூன்று மாதத் திட்டத்துக்கு 4,500 ரூபாய், அதில் ஆறு சந்திப்புகள். ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குக் குறைவதில்லை. ஏட்டை வரிக்கு வரி படிக்கிறார் என்பது கேள்விகளிலேயே தெரிந்துவிடும். "செவ்வாய்க்கிழமை மட்டும் சட்னியே இல்லையே அக்கா, எழுத மறந்துட்டீங்களா, சாப்பிடலையா" என்று கேட்பவரிடம் பொய்க் கணக்கு காட்ட முடியாது. சந்திப்பு ஒவ்வொன்றிலும் இரத்தப் பரிசோதனைத் தாளையும் கேட்கிறார். பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் மாத்திரைகளை ஆயுள் முழுதும் விடக்கூடாது என்பதையும், இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடாமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும் என்பதையும் நினைவூட்டத் தவறுவதில்லை.

யாருக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அறுவை முடிந்து முதல் சில மாதங்களில் இருப்பவர்கள் அறுவை செய்த மருத்துவக் குழுவின் சொல்லைத் தாண்டி வேறு எங்கும் எண்ணைத் தேடிப் போக வேண்டியதில்லை; அப்போது எடை வேகமாக மாறுவதால் 28 நாள் கணக்கும் சரியாக வராது. தண்ணீர்கூடத் தங்காமல் தொடர்ந்து வாந்தி வருபவர்கள் எந்த உணவியல் நிபுணரிடமும் போகாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில வாரம் அப்படி விட்டுவைத்தால் தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்து நரம்பைப் பாதிக்கும். பைபாஸ் செய்தவர்களுக்குச் சத்து உறிஞ்சப்படுவதிலும் மாற்றம் இருப்பதால் என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. என்னுடைய 1,430ஐ என் உயரமும் என் எடையும் உள்ள இன்னொரு பெண்கூட எடுத்துக்கொள்ள முடியாது. எழுதிப் பார்க்கும் பொறுமை இல்லாதவர்களுக்கும் இது ஆகாது. தினமும் கால் மணி நேரம் இதற்கென்று போகும்.

மூன்று மாத முடிவில் என் எடை 76.4 கிலோ. பிந்தைய 56 நாளில் ஏட்டின்படி சராசரி 1,190 கலோரி, இறங்கியது 1.6 கிலோ, அதாவது நாளுக்கு 220 கலோரி. இரண்டையும் கூட்டி, 1,430 என்று எழுதியிருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் 1,410 என்று எழுதிக் கோடு போட்டார். எடை குறைந்ததற்கு ஏற்ப இருபது கலோரி குறைந்திருக்கிறது. அதற்குமேல் விழாமல் நிற்பதற்கு நடையும் மீனும்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். செயலியை அன்றைக்கே கைபேசியிலிருந்து நீக்கிவிட்டேன். திட்டத்தைப் புதுப்பிக்காமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 400 ரூபாய் கொடுத்து ஏட்டைக் காட்டிவிட்டு வருவதாகப் பேசியிருக்கிறோம். அடுத்த முறை ஆவணியில். கீழ்த்தளத்தில் இருந்த தையற்கடை காலியாகிறது என்று கேள்விப்பட்டேன். அதை எடுத்துக்கொள்கிறாரா என்று அப்போது பார்க்க வேண்டும்.